சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டு: தமிழ்ப் பாப் இசையின் தோற்றமும் வளர்ச்சியும்

விருத்தாசலம் பேருந்து நிலையத்திலும் ஜங்ஷன் வாசலிலும் காதில் விழும் பாட்டில் பெரும்பகுதி சினிமாப் பாட்டு. ஆடி பிறந்தால் அம்மன் பாட்டு, கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பாட்டு, தேர்தல் அறிவித்தால் கட்சிப் பாட்டு. இவை எதிலும் சேராத, ஓர் இளைஞர் தானே எழுதி, தானே மெட்டமைத்து, படமும் சாமியும் கட்சியும் இல்லாமல் வெளியிட்ட பாட்டு ஒன்று டீக்கடைப் பெட்டியில் ஒலிப்பது அபூர்வம். ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழியில் இது ஏன் இப்படி?

‘தமிழனுக்குச் சினிமா மோகம்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பதில் போதவில்லை. தமிழில் தனிப் பாப் இசை பல முறை பிறந்திருக்கிறது. கொழும்பில், யாழ்ப்பாணத்தில், கோலாலம்பூரில், வடசென்னையில், கோயம்புத்தூரில் என்று வெவ்வேறு காலங்களில் முளைத்து, மக்களையும் எட்டியிருக்கிறது. அது தழைத்ததையும் தேய்ந்ததையும் பெரும்பாலும் தீர்மானித்தது, பாட்டைக் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியும் வழியும் யார் கையில் இருந்தன என்பதுதான். இந்தக் கோணத்திலிருந்து தமிழ்ப் பாப் இசையின் கதையைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாப் இசை என்று இங்கே சொல்வது எதை? நாட்டுப்புறப் பாட்டு ஊருக்குச் சொந்தம். அதற்கு ஆசிரியர் பெயர் தேவையில்லை. செவ்விசைக்குக் குருவும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். பாப் இசையோ ஒலிப்பதிவாகப் பிறந்து, விற்பனைச் சரக்காக ஊர் ஊராகச் செல்வது, சில நிமிடங்களில் முடிவது, ஒரு முறை கேட்டதும் வாய் முணுமுணுப்பது, இளையவர்களைக் குறிவைப்பது. இந்த நான்கு அடையாளங்களும் ஒருசேர அமைவது ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகே சாத்தியமாயிற்று.

அரக்குத் தட்டும் மூன்று நிமிடமும்

கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். இந்தியாவில் வணிக ஒலிப்பதிவின் தொடக்கம் அந்த மாதப் பதிவுகளே. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்த அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் பாட்டு அடங்கும். இரவு முழுக்க ராகம் இழுத்த நாடக நடிகர்கள் தங்கள் பாட்டை அந்தக் கால அளவுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. பாப் பாட்டின் நீளம் உலகெங்கும் மூன்று நான்கு நிமிடமாக நிலைத்ததற்கு அந்தத் தட்டின் கொள்ளளவு முக்கியக் காரணம்.

தமிழில் தட்டேறிய தொடக்ககால வெகுஜன இசையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் வந்த பாடல்கள் முக்கியமானவை. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரை இன்றைய கணக்கில் நட்சத்திரப் பாடகர்கள் என்றே சொல்லலாம். மேடையைப் பார்க்காதவர்களும் அவர்கள் குரலைத் தட்டில் கேட்டார்கள். கிட்டப்பா 1933-இல், முப்பது வயதை எட்டுமுன் மறைந்தார். குரல் தட்டில் தங்கிவிட்டது.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது. தமிழ் பேசும் படத்தின் காலம் தொடங்கியது. சென்னையில் கிராமபோன் வணிகம் செழித்ததன் தொடர்ச்சியாகவே தமிழ் சினிமா பாட்டுமயமானது என்று ஸ்டீபன் ஹியூஸ் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏ.வி. மெய்யப்பன் இதற்குக் கண்கூடான சான்று. இசைத்தட்டு விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸிலிருந்துதான் அவர் படத்தயாரிப்புக்கு வந்தார், பின்னாளில் ஏ.வி.எம். நிறுவனத்தை எழுப்பினார். பாட்டை விற்றவரே படத்தையும் எடுக்கத் தொடங்கினார். அன்றைக்கே, பாட்டைச் சுமந்து செல்லும் வாகனமாகப் படம் ஆயிற்று. மேற்கில் பாட்டுக்கென்று தனிச்சந்தை இருந்தது. 1954-இல் மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டும், 1962-இல் பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டும் கடைக்கு வந்தபோது அவற்றைத் தூக்கிச் செல்லப் படம் எதுவும் தேவைப்படவில்லை.

மூடிய வானொலி, திறந்த வானொலி

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அதன் நேரத்தை வெகுவாகக் குறைத்தார். பதிலுக்கு வானொலியே மெல்லிசைப் பிரிவுகளை உருவாக்கிக் கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் கொண்டு திரைசாராப் பாடல்களைத் தயாரித்தது. சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு வளர அரசே வாய்ப்புத் தந்த காலம் அது. ஆனால் அந்தப் பாடல்கள் கண்ணியமாக இருந்தன, துள்ளவில்லை; அதிகாரிகளின் தேர்வுக்குப் பிறந்தவை, கல்லூரி மாணவனின் ஆசைக்குப் பிறந்தவை அல்ல.

சினிமாப் பாட்டைத் தேடி நேயர்கள் வானொலியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இலங்கை வானொலி 1950-இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் அமைத்த சிற்றலை அனுப்புநிலையம் அதன் கைக்கு வந்திருந்ததால், கடலூர் மாவட்டக் கிராமத்திலும் கொழும்புக் குரல் கேட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் நடிகர்களின் குரல் அளவுக்கு இங்கே பழகிப்போயின. நேயர்கள் கைமாறியதைக் கண்ட டெல்லி, 1957-இல் விவித பாரதியைத் தொடங்கியது. 1967-இல் அதில் விளம்பரமும் வந்தது.

இந்த இழுபறியின் விளைவு முக்கியமானது. இந்திய வானொலி சினிமாப் பாட்டை விலக்கப்போய், அதன் மீதான ஏக்கத்தைப் பெருக்கிவிட்டது. அதே இலங்கை வானொலி, தன் மண்ணில் வேறொரு இசைக்கும் இடம் கொடுத்தது.

ஒலியை மலிவாக்கிய மண்

பீங்கான் நகரமான விருத்தாசலத்திலிருந்து இந்த வரலாற்றைப் பார்க்கும்போது, இசை நூல்கள் அதிகம் பேசாத ஒரு பொருள் கண்ணில் படுகிறது. பாட்டைப் பணக்கார வீட்டு வரவேற்பறையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததில் பீங்கான் இனப் பொருள்களுக்குப் பெரும் பங்குண்டு.

விலை குறைந்த இசைத்தட்டுக் கருவிகளில் ஊசியின் அதிர்வை மின்சாரமாக்க முதலில் ரோஷெல் உப்புப் படிகம் பயன்பட்டது. அது வெயிலிலும் ஈரக் காற்றிலும் கெட்டுவிடும். பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான் வகைகள் அந்த இடத்தைப் பிடித்தபோது, வெப்ப நாடுகளிலும் தட்டுக்கருவி தாக்குப்பிடித்தது. 1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஃபெரைட் காந்தமும் இரும்பு ஆக்சைடைச் சூளையில் சுட்டெடுக்கும் பீங்கான்தான். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த விலையுயர்ந்த காந்தத்துக்குப் பதிலாக இது வந்ததும் ஒலிபெருக்கியின் விலை இறங்கியது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கறுப்புக் குச்சியாக இருக்கும் ஆன்டெனாவும் ஃபெரைட்தான்.

விருத்தாசலத்தின் சூளைகள் பொம்மையையும் அகலையும் மட்டும் சுடுவதில்லை. மின்கம்பத்து இன்சுலேட்டரும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இவ்வூர் அறிந்த சரக்குகள். கிராமங்களுக்கு மின்சாரம் போன பிறகே மைக் செட் வந்தது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, ஊராட்சி மன்ற ரேடியோ, கல்யாண வீட்டு ரெக்கார்டு பிளேயர் மூன்றும் சேர்ந்து பாட்டைப் பொதுச்சொத்தாக்கின. ஆனால் எந்தத் தட்டைப் போடுவது என்பதை மைக் செட்காரர்தான் முடிவு செய்தார். அவர் பெட்டியில் இருந்தது பெரும்பாலும் படத்தட்டு.

இலங்கைப் பொப்பிசை

தமிழ் மொழியில் முழு அர்த்தத்தில் பாப் இசை பிறந்த இடம் இலங்கை. அதன் வேர் 16-ஆம் நூற்றாண்டு வரை போகிறது. 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டு, கடலோர ஊர்களில் பைலாவாக வளர்ந்தது. ஆறு எட்டுத் தாளத்தில் இடுப்பை அசைக்கும் அந்த இசையை வாலி பாஸ்டியன்ஸ் 1940-களில் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். 1960-களில் கிளாரன்ஸ் விஜேவர்த்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியாக கிட்டாரைச் சிங்கள இளைஞர்களின் கையில் கொடுத்தார்.

அதே அலையில் தமிழ் இளைஞர்களும் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் வேளாண்மை படித்தவர். அவர் பாடிய ‘சின்ன மாமியே’, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அறிவுரை சொல்லும் பாட்டு ஆகியவை ஊர்ப் பேச்சுத் தமிழில், கிண்டலும் கேலியுமாக இருந்தன. பட நாயகனின் காதல் மொழி அவற்றில் இல்லை. ஏ.ஈ. மனோகரன் மேடையில் ஆடிப் பாடி ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ ஆனார். சிங்களமும் தமிழும் கலந்த அவரது ‘சுராங்கனி’ பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளுக்குள் நுழைந்தது.

இந்த இசை ஏன் அங்கே துளிர்த்தது? மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, வானொலி: உள்ளூர்ப் பாடகருக்கு ஒலிபரப்பில் இடம் இருந்தது. இரண்டாவது, இறக்குமதி: 1970-இல் அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்தியப் படங்களுக்கும் இதழ்களுக்கும் கட்டுப்பாடு விதித்தபோது, உள்நாட்டுக் கலைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. மூன்றாவது, இலங்கைத் தமிழ்ப் படத்துறை சிறியது. பாட்டை விழுங்கும் அளவுக்கு அதற்கு வயிறு இல்லை. தமிழ்நாட்டில் இந்த மூன்றும் நேர்மாறாக இருந்தன.

பின்னர் நடந்ததும் அதே பாடத்தைச் சொல்கிறது. ‘சுராங்கனி’ 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் இளையராஜாவின் இசையில் வந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அது படப்பாட்டாகவே அறிமுகம். ‘சிலோன் மனோகர்’ என்று இங்கே அறியப்பட்ட மனோகரன் திரையில் வில்லன் வேடங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின் பாடகர்களும் ரசிகர்களும் உலகெங்கும் சிதறினார்கள். பொப்பிசை, புலம்பெயர்ந்தோர் வீட்டு விழாக்களில் நினைவாகத் தங்கியது.

தமிழ்நாட்டில் பாப் எங்கே போனது?

தமிழ்நாட்டில் பாப் இசை இல்லாமல் போகவில்லை. அது சினிமாவுக்குள் குடியேறியது. தூத்துக்குடியில் பிறந்து இளமையில் கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு, தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங் முறையை 1950-களிலேயே தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பாங்கோ, அக்கார்டியன், கிட்டார் ஆகியவற்றைத் தமிழ் மெட்டோடு பிணைத்தார்கள். 1963-இல் அவர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டம் ‘மெல்லிசை மன்னர்கள்’. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் மேற்கத்திய இரவு விடுதியும் தமிழ்க் குறும்பும் ஒன்றாக ஒலித்தன.

1976-இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜா, பண்ணைப்புரத்துப் பாட்டையும் மேற்கத்திய இசைக்கோவையையும் ஒரே பாட்டில் சேர்த்தார். அவரே 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்று படம் சாராத தொகுப்புகளைத் தந்தார். மதித்துப் பேசப்பட்டாலும், அவை அவரது படப்பாடல்கள் போலத் தெருவுக்கு வரவில்லை. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பர இசையிலும் சென்னை ராக் குழுக்களிலும் பழகியவர். 1992-இல் ‘ரோஜா’ வந்ததும் அந்த ஒலி பெரும்பாலும் திரைக்குப் போயிற்று. தனி இசைக்குழுவில் வெளிப்பட வேண்டிய திறமை, சம்பளமும் ஸ்டூடியோவும் புகழும் ஒருசேரக் கிடைத்த இடத்துக்கு நகர்ந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வேறு வாசல் இருக்கவில்லை.

ஊர்தோறும் இருந்த மெல்லிசைக் குழுக்களின் நிலையும் அதுதான். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் திருவிழா மேடையில் படப்பாட்டை அச்சு மாறாமல் பாடினால் கைதட்டல். சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டத்தில் சலசலப்பு.

கேசட் திறந்த இரண்டு வாசல்கள்

பிலிப்ஸ் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, 1980-களில் இந்தியச் சந்தையைத் தலைகீழாக்கியது. இசைத்தட்டுக்குத் தொழிற்சாலை வேண்டும். கேசட்டுக்கு ஓர் அறையும் சில பதிவுக் கருவிகளும் போதும். வட இந்தியாவில் இது வட்டார இசைகளுக்கு உயிர் கொடுத்ததைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

தமிழில் அந்தச் சந்தையை நிரப்பியது பக்தியும் அரசியலும். எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள், வீரமணியின் ஐயப்பன் பாடல்கள், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நாகூர் ஹனிஃபாவின் இஸ்லாமியப் பாடல்கள், அதே ஹனிஃபாவின் திராவிட இயக்கப் பாடல்கள்: சில தட்டிலேயே புகழ் பெற்றவை, கேசட் அவற்றை ஒவ்வொரு கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் கொண்டுபோனது. இவற்றைப் பாப் இசை என்று சொல்ல நாம் தயங்குகிறோம். ஆனால் முன்னர் சொன்ன அடையாளங்களில் இளையவர் என்ற ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். படத்தின் துணையின்றி ஒரு தமிழ்ப் பாட்டு லட்சக்கணக்கானோரை எட்ட முடியும் என்பதை நிரூபித்தவை இவையே. அதற்குக் காரணம், கோயிலும் தர்காவும் கட்சி மேடையும் சினிமாவைச் சாராத விநியோக வழிகளாக இருந்தன. கே.ஏ. குணசேகரனின் ‘தன்னானே’ குழுவும் இடதுசாரி, தலித் மேடைகளின் வழியாகவே ஒடுக்கப்பட்டோரின் குரலை ஊர் ஊராகக் கொண்டுசென்றது.

1990-களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபோது இந்திக்கு ஒரு பாப் பருவம் கிடைத்தது. 1995-இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ அதன் உச்சம். தமிழில் மால்குடி சுபா போன்ற சிலர் முயன்றார்கள். 1993-இல் தொடங்கிய சன் டிவியும் பின்வந்த சானல்களும் படப்பாட்டையே நம்பியதால் அந்த அலை கரையேறவில்லை.

கடல் கடந்த குரல்கள்

மலேசியாவில் நிலைமை வேறு. பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் இருவரும் முன்னின்ற ‘அல்லிகேட்ஸ்’ குழு மலாய் மொழியில் பாடி அந்நாட்டின் முன்னணிப் பாப் குழுக்களில் ஒன்றாயிற்று. தமிழுக்குத் திரும்பியவர் யோகி பி. ‘பொயடிக் அம்மோ’ குழுவில் ராப் பாடிப் பழகிய அவர், நட்சத்திரா குழுவுடன் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். ‘நிழல்கள்’ படத்தின் பாட்டொன்றை மாற்றியமைத்த ‘மடை திறந்து’ தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு ராப் தமிழில் சாத்தியம் என்று காட்டியது. சில ஆண்டுகளில் யோகி பி-யும் கோடம்பாக்கத்துப் படங்களில் பாடினார்.

லண்டனில் ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-இல் ‘அருளர்’, 2007-இல் ‘கலா’ என்று தந்தை தாய் பெயர்களைத் தாங்கிய தொகுப்புகளைத் தந்தார். பாடிய மொழி ஆங்கிலம். இரண்டாவது தொகுப்பில் தமிழ்நாட்டு உறுமி மேளத்தின் அதிர்வைக் கேட்கலாம்.

யூடியூபுக்குப் பிறகு

2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ இணையத்தில் பரவியபோது, பாட்டு உலகைச் சுற்றிவரத் திரையரங்கு தேவையில்லை என்பது தெரிந்தது. ஆனால் அதுவும் படப்பாட்டு. அதே காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி, யூடியூபில் பெயரெடுத்து 2012-இல் தனித்தொகுப்பு வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் திரை இசையமைப்பாளர், பின் நாயகன்.

வடசென்னையின் கானாவும் முதலில் சினிமா வழியாகவே பொது அரங்குக்கு வந்தது. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடிய ‘வாள மீனுக்கும்’ பாட்டு நல்ல சான்று. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானா, ராப், ராக் மூன்றையும் சேர்த்துச் சாதியை நேரடியாகப் பேசியது. பாடகி தீ, அக்குழுவில் பாடிய அறிவு ஆகிய இருவரின் குரலில், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’, தேயிலைத் தோட்டத்து முன்னோர்களின் நினைவைக் கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டாக்கியது. படமின்றி ஒரு தமிழ்ப் பாட்டு எட்டிய உச்சம் அது. அந்தப் பாட்டிலிருந்து தனக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் ‘கட்சி சேர’ பாட்டால் புகழ்பெற்ற சாய் அபயங்கரைத் திரையுலகம் உடனே வாரிக்கொண்டது.

2016-க்குப் பின் மலிவான இணையத் தரவு எல்லார் கைக்கும் வந்துவிட்டது. பாட்டைப் பதிவேற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் பாட்டு கண்ணில் படுவதைத் தளங்களின் கணக்கீடுகள் தீர்மானிக்கின்றன. பணம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள் தீர்மானிக்கின்றன. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கை அளித்திருக்கிறது. அதை அறிந்து கையெழுத்திடும் இளைஞர் குறைவு.

முடிவாக

தமிழ்ப் பாப் இசை பலவீனமாகப் பிறந்தது என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. இலங்கை வானொலி, கோயில் ஒலிபெருக்கி, கட்சி மேடை, யூடியூப் என்று சினிமாவைச் சாராத வழி ஒன்று திறந்த ஒவ்வொரு முறையும் அது எழுந்து நின்றிருக்கிறது. அந்த வழி அடைபட்டபோதோ, வழியைத் திறந்தவரையே சினிமா அழைத்துக்கொண்டபோதோ அது தளர்ந்திருக்கிறது. சினிமாவைப் பகைத்துப் பயனில்லை. நம் காலத்தின் மிகச்சிறந்த பாட்டுகளில் பல அங்கிருந்து வந்தவை. வேண்டுவது இரண்டாவது வாசல்.

அந்த வாசலைத் திறக்கும் வேலையில் சிறு நகரங்களுக்கும் பங்குண்டு. மாசிமகத்து மேடையிலும் கல்லூரி ஆண்டுவிழாவிலும் நான்கு படப்பாட்டுக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று விழாக் குழுக்கள் இடம் ஒதுக்கலாம். பாட்டெழுதும் இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ராயல்டி விதியைப் படிக்க வேண்டும். விருத்தாசலம், நெய்வேலி, கடலூர்ப் பகுதி மைக் செட்காரர்களிடமும் மெல்லிசைக் குழுவினரிடமும் இருக்கும் தட்டுகள், கேசட்டுகள், நிகழ்ச்சி நோட்டீசுகளைப் பழைய இரும்புக்கடைக்குப் போகுமுன் திரட்டி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்.